உறுமாமல் கடித்த நாய்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தீபாவளி. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். வீடு நிறைய விருந்தாளிகள். நான் சமையலறையில் பிரியாணிச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கமிருந்து ஓர் அலறல். பிள்ளைகள் பட்டாசு வெடித்து விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நொடி என் அண்ணியின் குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், சிரம்பானிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகள், ஏழு வயதுப் பிள்ளை, புதுப் பாவாடையில் இரத்தம் சொட்ட நின்றுகொண்டிருக்கிறாள். செருப்பு ரேக்குக்குப் பக்கத்தில் எங்கள் டைகர் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடுங்குகிறான்.

என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சோப்புப் போட்டு, தண்ணீரைத் திறந்து விட்டு, கால் மணி நேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்த ஒன்றைத்தான் அன்று நாங்கள் சரியாகச் செய்திருக்கிறோம் என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள். முன்கையில் ஆழமாக இரண்டு பல் குழி, ஒரு கிழிசல். நாய்க்கடிக் காயத்தை உடனே இழுத்துத் தைத்து மூடிவிட மாட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உள்ளே கிருமி தங்கிச் சீழ் பிடித்துவிடுமாம். சுத்தம் செய்து, கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள்.

"நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குட்டியாக இருந்தபோது ஏதோ ஊசி போட்டோம். அட்டை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. வெறிநாய்க்கடி நம் நாட்டில் எப்போதோ ஒழிந்த நோய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது தலைகாட்டியதும், 2017லிருந்து சரவாக்கில் மனித உயிர்களைப் பறித்து வருவதும் செய்தியில் படித்து மறந்த விஷயங்கள்.

"பத்து நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனியுங்கள். அதுவரை யாருக்கும் கொடுக்கக்கூடாது, கொல்லவும் கூடாது. அதன் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் உடனே வந்து சொல்லுங்கள்" என்றார் மருத்துவர். அந்தப் பத்து நாள்தான் டைகரின் உயிரைக் காப்பாற்றியது. அந்தக் கட்டளை மட்டும் இல்லாதிருந்தால், அன்று மாலையே அவனை நாங்கள் ஏதாவது செய்திருப்போம்.

அண்ணன் கோபத்தில் கத்தவில்லை. காரில் ஏறும்போது மெதுவாகத்தான் சொன்னார். "அந்த நாய் இருக்கிற வீட்டுக்கு இனி என் பிள்ளை வராது. நீ யோசிச்சுக்க." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் பிள்ளையை இன்னொருவர் வீட்டு நாய் கடித்திருந்தால் நான் இதைவிடக் கடுமையாகப் பேசியிருப்பேன்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "லோரி யார்டுல காவலுக்குக் கட்டிடு." "எஸ்டேட் பக்கம் கொண்டுபோய் விட்டுடு, அது பிழைச்சுக்கும்." "மாநகர் மன்றத்துக்கு ஒரு போன் போடு, வந்து பிடிச்சிக்கிட்டுப் போயிடுவான்." எல்லாரும் தவறாமல் சொன்ன ஒன்று உண்டு. "ஒரு உறுமல்கூட இல்ல. திடீர்னு பாய்ஞ்சு கடிச்சிடுச்சு. அந்த மாதிரி நாயை நம்பவே முடியாது."

நானும் அதைத்தான் நம்பினேன். ஐந்து வருடம் என் கையால் சோறு தின்ற நாய், எச்சரிக்கையே இல்லாமல் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டது. இனி இவன் பழைய டைகர் இல்லை. பதினோராவது நாள், ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடச் சொல்லிக் கேட்பதற்காகத்தான் கால்நடை மருத்துவரிடம் அவனைக் கொண்டுபோனேன். வாசகர்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

கிள்ளானில் எங்கள் தாமானிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் அந்தக் கிளினிக். சீனப் பெண்மணி ஒருவர்தான் மருத்துவர். முன்பே போன் செய்து "கடிக்கிற நாய்" என்று சொல்லியிருந்ததால், மற்ற நாய்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். அவர் அறைக்குள் காத்திருக்கவில்லை. வாசலில் வந்து நின்று, காரிலிருந்து டைகர் இறங்கி நடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இறங்கத் தயங்கினான். என் கணவர் பின்பக்கம் கை கொடுத்து இறக்கப் போனார். "தொடாதீர்கள், அவனே இறங்கட்டும்" என்றார் மருத்துவர்.

"எவ்வளவு நாளாக இப்படி நடக்கிறான்?"

"எப்படி?"

"பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி, முயல் மாதிரி வைக்கிறான் பாருங்கள்."

பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் நடந்தான். எவ்வளவு நாளாக என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துச் சோதித்தார்கள். வலது காதைத் திருப்பியதும் அறை முழுக்க நாற்றம். உள்ளே பழுப்பு நிறத்தில் கட்டியாகக் கசிவு. காதுக்குழாய் வீங்கி, துளையே அடைபடும் நிலைக்கு வந்திருந்தது. எக்ஸ்ரேயில் இடுப்பைக் காட்டினார். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் கிண்ணத்தில் பந்து வைத்தது போல் ஆழமாக உட்கார வேண்டும். டைகருக்கு அந்தக் குழி தட்டையாக இருந்தது. உருண்டை பாதி வெளியே நழுவி, எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்திருந்தது. அல்சேஷன் வகையில் பரம்பரையாக வரக்கூடிய கோளாறு அது. டைகர் கலப்பினம்தான் என்றாலும் அவனுடைய அம்மா அல்சேஷன். போதாததற்கு அவன் எடை 38 கிலோ. "ஏழு கிலோ அதிகம். அந்த இடுப்பு சுமக்கக்கூடிய எடை இல்லை இது" என்றார் மருத்துவர்.

பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"உறுமாமல் கடித்தான் என்று சொல்கிறீர்கள். அதற்கு முன்பு எப்போதாவது உறுமியிருக்கிறானா? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

உறுமியிருக்கிறான், மூன்று முறை.

முதல் முறை, அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு சமயம். அவன் கேட்டில் தலையைத் தலையைத் தேய்ப்பதைப் பார்த்து, காதில் பூச்சி இருக்கும் என்று என் மாமியார் வேப்பெண்ணெய் விடப் போனார். காதைப் பிடித்ததும் உறுமினான். "சோறு போட்ட கைக்கே உறுமுறியா" என்று முகத்தில் ஓர் அறை. இரண்டாவது முறை, பள்ளி விடுமுறையில். போர்ச்சில் படுத்திருந்தவனை எழுப்ப என் மகன் பின்பக்கம் பிடித்துத் தூக்கினான். உறுமினான். ஒரு நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டோம். மூன்றாவது முறை என் கணவரிடம், குளிப்பாட்டும்போது. அவர் செய்தித்தாளைச் சுருட்டி நன்றாக நாலு போட்டார். யாரோ ஒரு நண்பர் அவரிடம், யார் எஜமான் என்று காட்டினால்தான் நாய் அடங்கும் என்று சொல்லியிருந்தாராம்.

அதன் பிறகு டைகர் உறுமவே இல்லை. "பாத்தியா, திருந்திட்டான்" என்று என் கணவர் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. நானும் தலையாட்டினேன்.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. நிதானமாக விளக்கினார். உறுமல் என்பது, தள்ளிப் போ என்று சொல்ல நாய்க்குத் தெரிந்த தெளிவான பேச்சு. அதற்கு அடி விழுந்தால், பேசினால் அடி விழும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. பேச்சு நின்றுவிடும், ஆனால் வலி நிற்காது. வலிக்கிற இடத்தை அடுத்த முறை யாராவது தொட்டால், நடுவில் இருந்த படி இல்லாததால் நேராகப் பல்லுக்குப் போய்விடும்.

அன்றைய தினம் என்ன நடந்தது என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து பட்டாசுச் சத்தம். கேட் திறந்து திறந்து மூட, புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டிப்போட்ட சங்கிலியில் டைகரால் எங்கேயும் ஒதுங்க முடியவில்லை. அண்ணன் மகள் அன்பு மிகுதியில் அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை அவன் தலையில் வைத்து அழுத்தியிருக்கிறாள், வலது காதின் மேல்.

"சரி டாக்டர், இப்போது என்ன செய்யலாம்?" என்றேன்.

அவர் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. இடுப்பு குணமாகாது, வலியைக் குறைக்கலாம். காதைச் சரிசெய்யலாம், ஆனால் வாரக் கணக்கில் மருந்து விட வேண்டும். ஒரு முறை கடித்த நாய் இனிக் கடிக்கவே கடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூன்று மாதம் முயன்று பார்க்கலாம். "உங்களால் முடியாது, வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது, பாதுகாக்க இடமில்லை என்றால் சொல்லுங்கள். தூங்க வைப்பதும் ஒரு முடிவுதான். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடித்ததை மறைத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். அடுத்த கடி அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு."

அன்று பில் 640 ரிங்கிட். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் கணவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பேசினோம். கணவர் இரண்டு மனமாக இருந்தார். "இவ்வளவு செலவு பண்ணி, நாளைக்கு இன்னொருத்தரைக் கடிச்சா?" என்றார். நியாயமான கேள்விதான். பத்து வயது மகன் அழுதான். "வாயில்லா ஜீவன், வலிச்சா சொல்லவா முடியும்" என்று நான் ஆரம்பித்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் குறுக்கிட்டார்.

"வாய் இருந்துச்சும்மா. நாமதான் அடிச்சு மூடிட்டோம்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மூன்று மாதம் பார்ப்பது என்று முடிவானது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததற்குச் சாக்குச் சொல்வதற்காக இல்லை, தெரியப்படுத்த வேண்டும் என்பதற்காக. காது, இடுப்பு, எக்ஸ்ரே எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு வலின்னா, என் பிள்ளைக்கு வலிக்கலையா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. டைகருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்துக்கான விலையை ஒரு குழந்தை கொடுத்தாள். அதை வாங்கிக் கொடுத்தது நாங்கள். மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்று வைத்துவிட்டார். அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை.

அந்த மூன்று மாதத்தில் என்ன செய்தோம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு.

முதலில் இடம். கேட்டோரச் சங்கிலியைக் கழற்றி எறிந்தோம். போவோர் வருவோர் எல்லாரையும் பார்த்துக் குரைத்து, ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் இருக்கிற நாய் நாளுக்கு நாள் மூர்க்கமாகும் என்றார் மருத்துவர். வீட்டின் பின்பக்கத்தைக் கம்பி வேலி போட்டு அடைத்து, கூரை போட்டு, அவனுக்கென்று ஒரு மூலை ஒதுக்கினோம். வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு கதவு. ஒன்றை யாராவது மறந்து திறந்துவிட்டாலும் இன்னொன்று இருக்கும். கேட்டில் 'அவாஸ் அஞ்சிங்' பலகை மாட்டினோம். எதிர் வீட்டு மக்சிக் ஒரு நாளும் எங்கள் நாயைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. ஆனால் சங்கிலியைக் கழற்றி அவனைப் பின்பக்கம் மாற்றிய பிறகுதான் அவர் பேரப்பிள்ளைகள் எங்கள் வாசலை ஒட்டி நடந்து போகிறார்கள் என்பதைக் கவனித்தேன். அதுவரை சாலையின் அந்தப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது மருந்து. வலிக்கும் வீக்கத்துக்கும் நாய்களுக்கென்றே உள்ள மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தொடங்கும் முன்பு இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. மாத்திரை தீர்ந்துபோன ஒரு நாள், என் மாமியார் இரக்கப்பட்டு ஒரு பெனடோலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். நல்ல வேளை பார்த்துவிட்டேன். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாமாக நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பெனடோல் நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ஐபுபுரூபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பூனைக்கோ ஒரே ஒரு பெனடோல்கூட எமனாகலாம்.

மூன்றாவது சாப்பாடு. மிச்சமான சோறு, மீந்த ரொட்டி சானாய், மாலைத் தேநீருக்கு மேரி பிஸ்கட் எல்லாம் நின்றன. அளந்து கொடுக்கும் உணவு மட்டும். மாமியாருக்கு இதுதான் பெரிய தண்டனை. வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்புப் போட்டோம். இடுப்பு வலிக்கிற நாய்க்கு வழுக்கும் தரை எப்படியிருக்கும் என்று, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விடியற்காலை ஆறரைக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் குறைவான நேரத்தில், பத்துப் பத்து நிமிடமாக நடத்தினோம். ஏழு மாதத்தில் 32 கிலோவுக்கு வந்தான்.

நான்காவது வாய்க்கூடு. துணியில் இறுக்கிக் கட்டுகிற வகை இல்லை, கூடை போன்றது. அதைப் போட்டுக்கொண்டே நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். நம் வெயிலில் அது முக்கியம். முதல் நாளே மாட்டவில்லை. கூடைக்குள் வேகவைத்த கோழித்துண்டை வைத்து, அவனே மூக்கை நுழைத்துத் தின்னட்டும் என்று பிடித்துக்கொண்டிருப்பேன். இப்படி இரண்டு வாரம். அதன் பிறகுதான் வாரைப் பூட்டினேன். இப்போது அதைக் கையில் எடுத்தாலே நடைக்குப் போகிறோம் என்று வாலாட்டிக்கொண்டு வருகிறான்.

காதுக்கு மருந்து விடுவதும் இதே மாதிரிதான். முதல் சில நாள் மயக்க மருந்தின் துணையோடு கிளினிக்கிலேயே காதைச் சுத்தம் செய்தார்கள். வலி குறைந்த பிறகு வீட்டில் தொடங்கினேன். வாய்க்கூட்டோடுதான். கழுத்தைத் தொட்டால் ஒரு துண்டுக் கோழி ஈரல். காதின் பக்கம் கை போனால் ஒரு துண்டு. காதைத் தூக்கினால் இரண்டு. அவன் தலையை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிடுவேன். பிடித்து அமுக்கி மருந்து விடுவதில்லை. பொறுமை சோதிக்கும் வேலை. வேலை முடிந்து களைத்து வந்த இரவுகளில், இதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று அழுகை வந்திருக்கிறது.

ஆறாவது வாரம் ஒரு மாலை. நல்ல மழை. நனைந்த டைகரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார் என் கணவர். முதுகு வரை சும்மா நின்றான். துண்டு இடுப்புக்குப் போனதும், அடித்தொண்டையில் மெல்லிய ஒரு சத்தம்.

உறுமினான்.

என் கணவரின் கை பழக்கத்தில் ஓங்கியது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. துண்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். "சரிப்பா, சரி. தொடல" என்றார். டைகர் உறுமலை நிறுத்தினான். ஒரு குலுக்குக் குலுக்கித் தண்ணீரையெல்லாம் எங்கள் மேல் தெளித்துவிட்டு, போய் விரிப்பில் படுத்துக்கொண்டான்.

ஒரு நாய் உறுமியதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். அவனுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. எங்களுக்கும் காது கேட்கத் தொடங்கியிருந்தது.

உறுமலுக்கு முன்பும் நாய் நிறையப் பேசுகிறது. சாப்பாடு எதுவும் இல்லாதபோது நாக்கால் உதட்டை நக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். தலையைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் கண் ஓரத்தால் நம்மையே பார்க்கும், அப்போது விழியின் வெள்ளை பிறைபோலத் தெரியும். கடைசியாக உடம்பு மரக்கட்டை போல விறைக்கும். வால் ஆடிக்கொண்டிருந்தாலும் உடம்பு விறைத்திருந்தால் அது நட்பு இல்லை. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சாப்பிடுகிற நாயை, தூங்குகிற நாயை, கட்டிப்போட்ட நாயைத் தொடாதே. எந்த நாயையும் கழுத்தைக் கட்டிப்பிடிக்காதே. நமக்கு அது அன்பு, பெரும்பாலான நாய்களுக்கு அது சிறை. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சின்னப் பிள்ளையோடு தனியாக விடாதீர்கள்.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுத்தால், பயிற்சியாளரைத் தேடும் முன்பு மருத்துவரிடம் காட்டுங்கள். காது, பல், மூட்டு, கண்பார்வை மங்குவது என்று வெளியில் தெரியாத காரணம் ஏதாவது இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலும் நம் ஊரில் சர்வ சாதாரணம். நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, வாலாட்டுகிறது, அதனால் வலி இல்லை என்று நாங்கள் நினைத்தோம். வலியோடும் நாய் சாப்பிடும், வாலும் ஆட்டும். காரில் ஏறத் தயங்கினான், திண்டின் மேல் தாவுவதை நிறுத்தினான். வயதாகிவிட்டது, சோம்பேறி என்று சிரித்தோம். ஐந்து வயது நாய்க்கு என்ன வயதாகிவிட்டது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, வளர்க்கும் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை. கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதே நேரம், நம் விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுவதும் குற்றம்தான். இரண்டு கடமையும் ஒரே தோளில். நாய் மேல் உள்ள பாசத்தைச் சொல்லி இரண்டாவதைத் தட்டிக்கழிக்க முடியாது.

டைகர் குணமாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்கு இப்போது ஏழு வயது. மழைக்காலத்தில் எழுந்து நிற்க நேரமாகிறது. மாதாமாதம் மருந்துக்கு ஒரு தொகை ஒதுக்குகிறோம், அதற்காக வெளியில் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டோம். குடும்பத்தோடு எங்கேயும் இரண்டு நாளுக்கு மேல் தங்குவதில்லை. ஒரு நாள் அந்த இடுப்பு அவனைத் தூக்காது என்று மருத்துவர் சொல்லி வைத்திருக்கிறார். அப்போது, இரண்டு வருடத்துக்கு முன்பு நான் கேட்கப் போன அதே ஊசியைக் கேட்க வேண்டியிருக்கலாம். அன்று போனது கோபத்திலும் பயத்திலும். அடுத்த முறை அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

கடந்த தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வந்தது. அண்ணிதான் முதலில் போன் செய்து, "நாயைக் கட்டி வெச்சிருப்பீங்கல்ல?" என்று கேட்டார். காலையிலேயே டைகரைப் பின் அறையில் விட்டு, மின்விசிறி போட்டு, பட்டாசுச் சத்தம் அமுங்கும் அளவுக்கு வானொலியைத் திறந்து வைத்து, அறைக்கதவையும் வெளிக் கதவையும் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. முன்கையில் தழும்பு வெளுத்திருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தை, அவனைப் பாக்கலாமா? ஜன்னல் வழியா மட்டும்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தூரமா நின்னு பாரு" என்றார்.

பின் அறை ஜன்னலுக்குக் கம்பியும் வலையும் உண்டு. இரண்டடி தள்ளி நின்றோம். டைகர் விரிப்பில் படுத்திருந்தான். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தான்.

"இன்னும் காது வலிக்குதா அவனுக்கு?"

"இப்ப இல்லம்மா. இடுப்புதான் வலிக்கும்."

அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். டைகர் நாக்கால் உதட்டை நக்கினான். பிறகு தலையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்ன அத்தை சொல்றான்?"

"கிட்ட வராதேன்னு சொல்றான்."

"ஓ" என்றாள். வைத்த எட்டைப் பின்னால் எடுத்தாள். ஜன்னலைப் பார்த்து, "சரி, வரல" என்று அவனிடமே சொல்லிவிட்டு, முறுக்குத் தின்ன உள்ளே ஓடிவிட்டாள்.